எலீம்விளை மறந்த பாவம்

தெபோராளின் பாவத்தை எங்கள் ஊர் எலீம்விளை முழுக்க மறந்துபோனது ஒரு குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாம் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால், காணிக்கைப் பை வருகிறதே என்று எல்லோரும் பர்சுக்குள் சில்லறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில். இடி இடிக்கவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை, தேவதூதர் யாரும் இறங்கி வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் ஆட்கள் அவருக்கு எந்த பெஞ்சு என்று கமிட்டியைக் கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்லியிருப்பார்கள். நான் வழக்கம்போலத் திரும்பி, கடைசி பெஞ்சில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தெபோராளைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். ஆராதனைக்குள் ஒரு தடவையாவது அப்படிச் சுளித்துவிடுவது எங்கள் கோயில் பெண்களுக்கு ஜெபம் மாதிரி. சுளிப்பு வந்தது. எதற்காகச் சுளிக்கிறேன் என்பது வரவில்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். சபைக் கமிட்டியின் செயலாளர் ஞானையா வாத்தியாரின் மனைவி, ஊருக்கு வாத்தியாரம்மா. அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பிள்ளைகளை அடிக்க முடியாத குறையைச் சபையை அடக்கித் தீர்த்துக்கொள்கிறவர். மைக்கில் அறிவிப்பு வாசிக்குமுன் தொண்டையைச் செருமுவார், வாசித்தபின்னும் செருமுவார், ஏதோ பத்துக் கட்டளையோடு சீனாய் மலையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவர் மாதிரி. எனக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். பழகிப்போன இளக்காரம்தான், ஏன் என்று கேட்டால் நூறு காரணம் சொல்வேன். அவர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் சிரிக்கிற எங்கள் ஊரைக் கண்டாலும் அப்படித்தான்.

தெபோராள் சபையிலிருந்து நீக்கப்பட்டவள். நீக்கப்பட்டவர்களுக்கு எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. கடைசி பெஞ்சில் உட்காரலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம், அதில் மட்டும் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது. நற்கருணைக்கு எழுந்து வரக் கூடாது. பண்டிகைக்குப் போடுகிற அசனச் சாப்பாட்டில் எல்லோரோடும் பந்தியில் உட்காரக் கூடாது, தூக்குவாளியில் சோற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். திரும்பச் சேர வேண்டுமானால் பீடத்துக்கு முன் முழங்கால்போட்டு, செய்த பாவத்தைப் பெயர் சொல்லி, சபை காதால் கேட்க அறிக்கையிட வேண்டும். சபை ஒரே குரலில் மன்னித்தோம் என்று சொல்லும். நீக்கும்போது காரணத்தை எழுதி வைக்கிற வழக்கம் இல்லை, அசிங்கத்தை எழுதினால் கை கறைபடும் என்று எங்கள் பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. எழுதாவிட்டால் என்ன, எலீம்விளையின் வாய் இருக்கிறதே, அது எந்தப் பாவத்தையும் காய விடாது என்று நம்பியிருந்தோம்.

அவள் புருஷன் எப்போதோ பம்பாய்க்குப் போனவன், திரும்பவில்லை. அது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவன் போனதால் பாவம் வந்ததா, பாவம் வந்ததால் அவன் போனானா என்பதுதான் நினைவில்லை. அவள் வீட்டு அடுப்படியில் முறுக்குச் சுற்றி, அதை ஊரெல்லாம் விற்று, ஹெப்சி என்கிற ஒரே மகளை நர்சுக்குப் படிக்கவைத்தாள். கமிட்டிக் கூட்டத்துக்குக் காப்பியோடு வைக்கிற முறுக்கும் அவள் சுற்றினதுதான். விலை கொடுத்து வாங்கினால் அதில் பாவம் ஒட்டாது என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

மறந்துபோனதை முதல் நாள் யாரும் வெளியே சொல்லவில்லை. தனக்கு மட்டும்தான் மறந்துவிட்டது என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டு, அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கிவிடலாம் என்று குழாயடியில் சுற்றி வளைத்துப் பேசினோம். "அவ செஞ்ச காரியத்துக்கு இன்னொருத்தியா இருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பா" என்று ஒருத்தி ஆரம்பிக்க, "அதச் சொல்லு" என்று இன்னொருத்தி இழுக்க, "எதச் சொல்ல?" என்று முதல் ஆள் முழிக்க, குடங்கள் நிரம்பி வழிந்து தெருவில் ஓடினதுதான் மிச்சம். இரண்டு மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. ஒருத்தருக்கும் தெரியாது. எதிர்த்தெரு டீக்கடைக்காரர் மாடசாமி நம் வேதக்காரர் இல்லையே, அவருக்காவது நினைவிருக்கும் என்று ஆள் அனுப்பிக் கேட்டால் அவரும் உதட்டைப் பிதுக்கினார். கர்த்தர் மத எல்லை பார்த்து மறக்கடிக்கவில்லை.

சரி, மறந்துதானே போச்சு, விட்டுத் தொலைப்போம் என்று ஒரு மனுஷப் பிறவிக்காவது தோன்ற வேண்டுமே. பிறந்த வீட்டு நகையைத் தொலைத்தவர்கள் மாதிரி தேடினார்கள். இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று ஆளுக்கொரு பாவத்தை எடுத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோயில் உண்டியலில் கை வைத்திருப்பாள் என்றாள் பெண்கள் சங்கத்துப் பொருளாளர். மாமியாருக்குச் சோற்றில் எதையோ கலந்து கொடுத்திருப்பாள் என்றாள், மாமியார் திடீரென்று செத்ததால் மாடி வீடு கட்டினவள். பொய்க் கையெழுத்துப் போட்டுப் பங்காளி நிலத்தை எழுதிக்கொண்டிருப்பாள் என்று சொன்னவருக்கு எலீம்விளையில் பாதி நிலம். அந்த வாரம் தெபோராளைப் பற்றி ஊர் பேசினதையெல்லாம் கேட்டவர்களுக்குத் தெபோராளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது, ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும்.

இது இப்படியே வதந்தியாகப் போய் அடங்கியிருக்கும். ஹெப்சிக்குக் கல்யாணம் நிச்சயமானதால்தான் கமிட்டிக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் பீடத்திலிருந்து வாசிப்பார். நீக்கப்பட்டவள் வீட்டு ஓலையை வாசிக்கிற வழக்கமில்லை. பெண் வீட்டுக் கோயிலில் ஓலை விழாவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லியனுப்பிவிட்டார். அவர் கெட்டவரில்லை, அவருக்கும் எதுவும் நினைவில்லை, எதனால் வாசிக்கவில்லை என்று அவர் ஊரில் கேட்பார்களே என்று பயம்.

தெபோராள் ஐயரிடம் போனாள். ஜெபராஜ் ஐயர் மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது; சாதுவான மனுஷன், கமிட்டிக்காரர்கள் உரக்கப் பேசினால் அங்கியின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். அவர் விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார். கோயிலை ஒட்டிய அறையில் கூட்டம், காப்பி, முறுக்கு. நான் காப்பி கொண்டுபோனவள் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"கர்த்தரே மறக்கப் பண்ணிட்டார்னு நான் நினைக்கிறேன்" என்றார் ஐயர், மெதுவாக. "அப்படின்னா நாம மன்னிச்சிட்டோம்னுதானே அர்த்தம்?"

என் வீட்டுக்காரர் முறுக்கைக் கடித்து, மென்று, விழுங்கி, செருமினார்.

"கர்த்தர் மறக்கலாம் ஐயரவாள். அவருக்கு யாரும் கேள்வி கேக்க ஆள் இல்ல. கமிட்டி மறக்கக் கூடாது. இன்னைக்கு இவ பாவத்த மறந்தா நாளைக்கு ஆளாளுக்கு மறந்துட்டுன்னு வந்து நிப்பான். என்ன பாவம்னு தெரியாததுனால பாவமே இல்லன்னு ஆயிருமா?"

அதை அப்படியே தீர்மானமாக நிறைவேற்றினார்கள். பாவம் இன்னதென்று தெரியாத காரணத்தால் பாவம் இல்லையென்று ஆகாது. சம்பந்தப்பட்டவர் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை ஞாயிறன்று சபைக்கு முன் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டால் அன்றே ஓலை வாசிக்கப்படும். அதாவது, எங்களுக்கு மறந்துபோனதை அவள் எங்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும், நாங்கள் அதைக் காதார வாங்கி, பத்திரப்படுத்தி, பிறகு பெரிய மனசோடு மன்னிப்போம். இந்தத் தீர்மானத்தைப் போட்டுவிட்டு மிச்ச முறுக்கை ஆளுக்குக் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள்.

தெபோராளிடம் சொன்னபோது அவள் ஐயரை ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "எனக்கு மட்டும் மறக்கலியே ஐயரவாள், அது ஏன்?" ஐயர் அங்கியின் கையை இழுத்து விட்டுக்கொண்டார். அவள் ஹெப்சிக்காக ஒத்துக்கொண்டாள். ஹெப்சி தாயிடம், "எனக்குக் கல்யாணமே வேண்டாம், நீ அங்க போய் நிக்காத" என்று அழுதது தெரு முழுக்கக் கேட்டது. கேட்டவர்கள் அய்யோ என்று உச்சுக்கொட்டிவிட்டு, பண்டிகை ஞாயிறன்று முன் பெஞ்சில் இடம் பிடிக்க யாரை முதலில் அனுப்பலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு மாதிரி எங்கள் கோயில் நிரம்பினது கிறிஸ்துமஸுக்குக்கூடக் கிடையாது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் லீவு போட்டு வந்திருந்தார்கள். கல்லறைத் திருநாளுக்கே எட்டிப் பார்க்காதவர்கள் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார்கள். பின்னால் கொட்டகையில் அசனத்துக்கு ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்து, பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு எல்லாவற்றிலும் கலந்தது. ஒருத்தருக்கும் பிரசங்கத்தில் நாட்டமில்லை. அவள் எப்போது வருவாள், எப்போது சொல்வாள், சொன்னதும் கறிக்கு முன் பேசலாமா கறியோடு பேசலாமா என்பதுதான் நினைப்பு.

தெபோராள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, செருப்புகளைத் தாண்டி, நடுப்பாதையில் நடந்து வந்தாள். நல்ல வெயிலில் நடந்து வந்தவளைப்போல முகம் சிவந்திருந்தது. பீடத்துக்கு முன் முழங்கால்போட்டு, கண்ணை மூடி, உதடு அசைய என்னவோ ஜெபித்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, முழங்காலில் இருந்தபடியே எங்கள் பக்கம் திரும்பினாள். அது முறையில்லை, பீடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை, முகத்தைப் பார்த்துக் கேட்டால் இன்னும் நன்றாக இருக்குமே.

"நான் ரொம்பக் காலமா மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள். "கெடச்சிருக்கும்னு ஒரு நாளும் நம்புனதில்ல. கடைசி பெஞ்சில இருந்துக்கிட்டு எப்படி நம்ப? குருத்தோலை ஞாயித்துக்கிழமை, காணிக்கைப் பை வரும்போது, அன்னைக்குத்தான் மொதல்ல நம்புனேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. கெடச்சாச்சுன்னு தெரிஞ்சுது. நிமிந்து பாத்தேன், நீங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்து முழிச்சிய. உங்ககிட்ட இருந்து அத எடுத்துட்டாருன்னு புரிஞ்சுது."

முன் பெஞ்சுக்காரர்கள் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கு மட்டும் விட்டு வச்சிருக்காரு. அது எதுக்குன்னு இன்னைக்குக் காலையிலதான் வெளங்குச்சு. அத நான் சொல்லுதேன். சொன்னா எம் பிள்ளைக்கு ஓலை வாசிப்பிய. ஆனா ஒண்ணு. அந்தக் காரியத்த நான் ஒத்தையில செய்யல. கூட ஒரு ஆம்பள உண்டு. அவரும் இப்ப இந்தக் கோயிலுக்குள்ளதான் இருக்காரு. அவருக்கும் மறந்துபோச்சு, அவருக்கும் சேத்துத்தான் மன்னிப்பு ஆயிருக்கு. என் பாவத்தச் சொன்னா அவரு பேரையும் சொல்லணும், பேரு சொல்லித்தான் அறிக்கை செய்யணும்னு கமிட்டி சொல்லியிருக்கு." அவள் எங்களை ஒரு வரிசை விடாமல் பார்த்தாள். "சொல்லட்டுமா?"

நான் இத்தனை வருஷமாக அந்தக் கோயிலுக்குப் போகிறேன், அங்கே தேவபயம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஆண்கள் பக்கம் நானாக இருக்காது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல ஒரு ஆளுக்கும் வழியில்லை, ஏனென்றால் செய்திருந்தாலும் மறந்திருக்கும். அந்த இடத்தில் அவரவர் யோசித்துப் பார்த்தது தான் செய்தோமா என்பதை அல்ல, தான் செய்யக்கூடிய ஆளா என்பதை. அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண்கள் பக்கம் கழுத்துகள் மெல்லத் திரும்பி, ஒவ்வொருத்தியும் தன் தன் புருஷனைத் தேடிப் பார்த்தோம். எழுந்து வெளியே போய்விடலாம் என்று பல பேருக்குக் கால் துடித்திருக்கும். ஒருத்தரும் போகவில்லை. எழுந்தவன்தான் அவன் என்று ஆகிவிடுமே.

என் வீட்டுக்காரர்தான் கடைசியில் எழுந்தார். செருமவில்லை.

"ஐயரவாள், நேரம் ஆயிட்டு. அசனத்துக்கு வெளியூர் ஆட்கள்லாம் வந்திருக்காவ. கர்த்தர் மூடி வச்சத மனுஷன் தெறக்கப்படாதுன்னு கமிட்டி… கமிட்டி எப்பவுமே அந்தக் கருத்துதான். ஓலையை வாசிச்சிருங்க."

ஆமென் என்று ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், ஈஸ்டர் காலையில்கூட நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. ஐயர் ஓலையை வாசித்தார். எலீம்விளை தெபோராள் மகள் ஹெப்சிக்கும் என்று தொடங்கி, ஆட்சேபம் உள்ளவர்கள் என்கிற இடத்தில் நிறுத்தினார். நாள்பட்ட இருமல்காரர் ஒருத்தர் எங்கள் கோயிலில் உண்டு, அந்த மனுஷன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். பிறகு ஐயர், கமிட்டியைத் திரும்பிப் பார்க்காமல், தெபோராளைக் கைநீட்டி அழைத்து நற்கருணையின் முதல் அப்பத்தை அவளுக்குக் கொடுத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அன்றைக்குப் பந்தியில் அவளுக்கு இலை போட நாலு பேர் ஓடினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் எங்கள் ஊருக்கு ஒரு நல்ல பெயர் மிஞ்சியிருக்கும். மறுநாளிலிருந்து ஆண்கள் ஒவ்வொருத்தராக அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள், முறுக்கு வாங்குகிற சாக்கில். அந்த வாரம் எலீம்விளையில் முறுக்கு இல்லாத வீடு இல்லை. வாங்கிக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அது நானா?" என்று கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "யாரா இருந்தாலும் மன்னிப்பு ஆயிட்டு. போயிட்டு வாங்க." ஒருத்தருக்கும் அது போதவில்லை. மன்னித்தாயிற்று என்றால் எங்களுக்குத் திருப்தி வருவதில்லை, நீ செய்யவே இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். கிருபையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதைப் பிரித்துப் பார்த்து வேறு இல்லையா என்று கேட்கிற ஜனம்.

என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் நல்ல வெயிலில் குடையும் எடுக்காமல் போனார். திரும்பி வந்தபோது கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. நான் சோற்றைப் போட்டேன். சோற்றில் கை வைத்தார், பிசைந்தார், எழுந்து கை கழுவினார். வாசலில் சாய்வு நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த மனுஷன் மேல் எனக்கு இருக்கிற இளக்காரம் எப்போது தொடங்கியது? கல்யாணமான புதிதில் இல்லை. அப்போது அவர் செருமினால் எனக்குச் சிரிப்பு வரும், ஆசையாகத்தான் இருக்கும். நடுவில் எங்கேயோ வந்திருக்கிறது. நூறு காரணம் சொல்வேன் என்றேன் அல்லவா, நூறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். செருமுவது, மைக்கைப் பிடித்தால் விடாதது, உப்பு கூடினால் முகத்தைத் தூக்குவது. எல்லாம் சில்லறை. இத்தனை வருஷத்து வெறுப்பைத் தாங்குகிற கனம் ஒன்றுக்கும் இல்லை. கனமான ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைக் கர்த்தர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அதிலிருந்து முளைத்ததை என்னிடமே விட்டுவிட்டார். அதை வைத்துக்கொண்டு அல்லாடினேன். எனக்குத் தெரிந்தால் அவரை நியாயமாக வெறுக்கலாம், இல்லையென்று தெரிந்தால் நியாயமாக விடலாம். இரண்டும் இல்லாமல் இருப்பது பெரிய கொடுமை.

மூன்றாம் ஓலையும் வாசித்து முடிந்தபின் தெபோராள் எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள், தட்டில் பழமும் கற்கண்டுமாக. அவள் குரல் வாசலில் கேட்டதுமே, காலையில் குளித்திருந்த என் வீட்டுக்காரர் மறுபடியும் குளிக்கப் போய்விட்டார். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் உட்காரவில்லை.

"மயினி, நீங்க என்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனைக்கிய. முகத்தப் பாத்தாலே தெரியுது" என்றாள். "வந்து கேட்ட ஆம்பளைகளுக்குச் சொல்லாதத உங்களுக்குச் சொல்லுவேன். கேட்டா மறைக்க மாட்டேன். மறைக்க எனக்கு உரிமை இல்ல."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு பெயர்தான், அல்லது ஒரு தலையசைப்பு. அவள் தயாராக நின்றாள், ஓங்கின கைக்கு முன்னால் நிற்கிறவளைப்போலக் கண்ணைக்கூட மூடாமல் நின்றாள். நான் கேட்டுவிட்டால் அவள் மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள், எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பெஞ்சு, அதிலிருந்து அவளை யாரும் எழுப்ப முடியாது. உள்ளே இருக்கிற மனுஷனுக்கும் அதே பெஞ்சுதான். இரண்டு பேருக்கும் காவலாக நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், சாகிற மட்டும்.

"பிள்ளைக்குக் கல்யாணச் சேலை எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மயினி. நாளைக்குத்தான் திருநெல்வேலிக்குப் போவணும். வெள்ளையில பட்டு எடுக்கணுமாம், சரிகை எப்படிப் பாக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது."

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் கதவுக்குப் பின்னால் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பார் என்று தெரியும். கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"நானும் வாறேன். காலையில மொத பஸ்ஸுக்கே போயிருவோம்."